நர்ஸ் லைன், உண்ணி, தயிர் சாதம்: லைம் நோய் வந்த மகளோடு நான்கு மாதம்

முதலில் மதிப்பெண்: 5-க்கு 4. அந்த ஒன்றை எங்கே குறைத்தேன் என்பது பின்னால் வரும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டு பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஐடி வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ராக்கி ஹில், சவுத் விண்ட்சர் வட்டாரத்தில் நிறைய, அதில் நாங்களும் ஒன்று. எங்கள் மகளுக்கு உண்ணிக் கடியால் பரவும் லைம் என்ற பாக்டீரியா நோய் வந்தது. எழுதப்போவது எங்கள் குழந்தை மருத்துவர் சேர்ந்திருக்கும் மருத்துவமனையின் 24 மணி நேர நர்ஸ் லைன் (போனில் நர்ஸிடம் ஆலோசனை கேட்கும் வசதி) பற்றியும், அங்கேயே உள்ள தொற்றுநோய் கிளினிக் பற்றியும். பெயர் போடவில்லை, பிள்ளை விஷயம். இங்கே பல குழந்தை மருத்துவர்களிடம் இந்த மாதிரி லைன் இருக்கிறது, உங்களுடையது உருப்படியா இல்லையா என்று பார்க்க எங்கள் அனுபவம் உதவலாம்.

கதை ஜூன் நடுவில் ஆரம்பம். சின்னவளுக்கு ஐந்து வயது. குளிப்பாட்டும்போது முழங்காலின் பின்பக்கம் ஒரு வட்டம், உள்ளங்கையில் பாதி இருக்கும். வீட்டுப் பக்கத்து அர்ஜன்ட் கேர் (முன்பதிவில்லாமல் போகிற கிளினிக்) ஒன்றில் காட்டினோம், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு படர்தாமரை என்று ஒரு கிரீம் கொடுத்தார்கள். அவர்களை முழுசாகத் திட்டவும் மனம் வரவில்லை. லைம் தடிப்பு என்று புத்தகத்தில் போடுகிற படமெல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பாக, நடுவில் புள்ளி வைத்த குறி மாதிரி இருக்கும், நம் நிறத்தில் அது கன்றிப்போன காயம் மாதிரிதான் தெரிகிறது. வட்டத்துக்குள் வட்டம் எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: நேற்றைவிட இன்று பெரிதாகியிருக்கிறதா? யாரும் கேட்கவில்லை. கிரீம் போட்டுக்கொண்டே இருந்தோம், அது தோசை மாவு ஊற்றிய மாதிரி பரவிக்கொண்டே போனது. பத்தாவது நாள் முதுகில் இரண்டு, வயிற்றில் ஒன்று என்று புதிதாகவும் முளைத்தன.

எங்கள் மருத்துவர் பார்த்த உடனே லைம் என்றார். உண்ணி நாலு இடத்தில் கடித்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, கடித்தது ஒரே இடமாக இருக்கலாம், கிருமி ரத்தத்தில் போய் மற்ற இடங்களில் வெளிப்படுகிறது என்றார். ரத்தப் பரிசோதனை எழுதவே இல்லை. முதல் சில வாரங்களில் எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்காது, இப்போது சோதித்தால் நெகட்டிவ் என்று வந்து எல்லோரையும் ஏமாற்றும், இந்த மாநிலத்தில் இந்த மாதத்தில் இப்படிப்பட்ட தடிப்பு இருந்தால் அதுவே போதும் என்று அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார், தினம் மூன்று வேளை, 14 நாள். கடித்த உண்ணியை நாங்கள் பார்க்கவே இல்லை. இந்தக் கருங்கால் உண்ணியின் இளம் பருவம் கசகசா அளவுதான், வளர்ந்தது எள்ளளவு. கசகசா அளவில் ஒன்று குழந்தையின் முழங்கால் மடிப்பில் ஒட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்.

இதுவரை சரி. லைமைக் கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தாயிற்று, இனி இறங்குமுகம் என்று நினைத்தேன். அதன்பிறகுதான் தினம் ஒரு புது விஷயம் வர ஆரம்பித்தது. வந்ததெல்லாம் லைமா, மருந்தா, இல்லை ஐந்து வயசுப் பிள்ளைக்குச் சாதாரணமாக வருவதா என்று பிரித்துப் பார்க்க எங்களால் முடியவில்லை. நர்ஸ் லைனின் மதிப்பு தெரிந்தது அங்கேதான்.

முதல் போன், மருந்து ஆரம்பித்த அன்றே, இரவு 11.40. காய்ச்சல் 102.4, தடிப்பெல்லாம் காலையில் இருந்ததைவிடத் தடித்துச் சூடாக இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி அடுத்த வேளையை நிறுத்தும் யோசனையில் இருந்தேன். 14 நிமிடம் காத்திருக்க வைத்தார்கள், ஒரே பியானோ இசை. பிறகு எடுத்த நர்ஸ் மருந்து எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, மூச்சு எப்படி, உதடு வீங்கியிருக்கிறதா, அரிக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டார். சிறுநீர் எதற்கு என்று கேட்டதற்கு, அதே உண்ணி பபீசியா என்று ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிற இன்னொரு கிருமியையும் கொடுக்கும், அதில் கோலா நிறத்தில் போகலாம் என்றார். பிறகு சொன்னார்: மருந்தில் கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது முதல் 24 மணி நேரத்துக்குள் இப்படிக் காய்ச்சல் வருவது உண்டு, மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் காலையிலேயே கூப்பிடுங்கள், அனாபிளாஸ்மா என்று உண்ணி பரப்புகிற இன்னொரு கிருமி இருக்கிறது, அதற்கு அமாக்ஸிசிலின் வேலை செய்யாது. மறுநாள் மதியம் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த ஒரு போன் இல்லையென்றால் மருந்தை நிறுத்தியிருப்பேன், சத்தியமாக.

அவர் சொன்ன இன்னொன்று, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், தேதி, மணி, என்ன பார்த்தீர்கள், அவ்வளவுதான். என்ன நினைத்தீர்கள் என்பது வேண்டாம். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு காசு வையுங்கள், அளவு தெரியும். இந்த நோட்டு விஷயம் எங்களுக்கு ஏற்கெனவே கேட்ட கதை. நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான். 1975-ல் அங்கே பாலி முர்ரே என்ற அம்மா, தன் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வந்த வீக்கம், தடிப்பு, வலியெல்லாவற்றையும் வருஷக்கணக்காக எழுதி வைத்திருந்தவர், இவ்வளவு பிள்ளைகளுக்கு மூட்டுவாதம் வருவது இயல்பில்லை என்று சுகாதாரத் துறையிடம் போனார். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் வந்து விசாரித்தார், 1977-ல் வந்த கட்டுரையில் 51 பேர், அதில் 39 பேர் குழந்தைகள். கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடிக்க இன்னும் சில வருஷம் ஆனது. ஒரு அம்மாவின் நோட்டில் ஆரம்பித்த நோய். எங்கள் நோட்டு டாலர் ட்ரீ என்ற மலிவுக் கடையில் வாங்கியது, அட்டையில் யூனிகார்ன்.

ஆறாம் நாள் உடம்பெங்கும் சின்னச் சின்னதாக, தட்டையாக, ரோஸ் நிறப் புள்ளிகள். லைம் முற்றிவிட்டது என்று மனைவி, அலர்ஜி என்று நான். மருத்துவமனையின் போர்ட்டலில் (நோயாளிகளுக்கான இணையதளம்) போட்டோ போட்டுவிட்டுக் கூப்பிட்டோம். இந்த முறை நர்ஸ் கேட்டது ஒன்றுதான் மனதில் நிற்கிறது: "காலையில் பேனாவால் ஒரு புள்ளியைச் சுற்றிக் கோடு போடுங்கள், சாயங்காலம் அது அங்கேயே இருக்கிறதா, காணாமல் போய் வேறு இடத்தில் வந்திருக்கிறதா?" காஞ்சொறி பட்டது போல அரித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் இடம் மாறுகிறதென்றால் அது அலர்ஜித் தடிப்பு, கவனமாக இருக்க வேண்டும். அங்கேயே இருந்து, அரிக்காமல் மங்குகிறதென்றால் அமாக்ஸிசிலின் குடிக்கிற குழந்தைகளில் கொஞ்சம் பேருக்கு வருகிற சாதாரணப் புள்ளி. எங்களுடையது இரண்டாவது வகை. மருத்துவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, இதை அலர்ஜி என்று ஃபைலில் எழுத மாட்டேன், எழுதினால் பாவம் ஆயுசுக்கும் இந்தக் குடும்ப மருந்தே கொடுக்க மாட்டார்கள் என்று பதில் போட்டிருந்தார்.

எட்டாம் நாள்தான் பெரியது. ஊரிலிருந்து, கும்பகோணம் பக்கம், அம்மா வந்திருந்தாள். மதியம் பருப்புச் சாதம் ஊட்டும்போது இடது கடைவாய் வழியாக ஒழுகியிருக்கிறது. துடைத்துவிட்டு ஊட்டினால் மறுபடி ஒழுகுகிறது. தூங்க வைத்தால் இடது கண் பாதி திறந்தே இருக்கிறது, வெள்ளை தெரிகிறது. எனக்கு ஆபீசுக்குப் போன்: "டேய், பிள்ளைக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுதுடா, முகவாதம் மாதிரி இருக்கு, கார்ல ஜன்னலைத் திறந்து வச்சிட்டா ஓட்டினே?" லைனுக்கு நான் ஆபீசில் இருந்தே கூப்பிட்டேன், நர்ஸ் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது அவர் சொன்னது: "குழந்தையைக் காலையிலிருந்து யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? பாட்டியா? அப்படியென்றால் பாட்டியிடமே பேசுகிறேன்." இந்த வரிக்காகவே நாலு நட்சத்திரம்.

மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்த்தார்கள். அரசுப் பணம் வாங்குகிற மருத்துவமனை எதுவானாலும் இங்கே இதை இலவசமாகத் தந்தாக வேண்டும், சட்டம், கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதலில் தெலுங்குக்காரரைச் சேர்த்துவிட்டார்கள், அது ஒரு நாலு நிமிடம் வீண். பிறகு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "அம்மா, பிள்ளை சிரிக்கேக்க வாய் ஒரு பக்கமோ இழுக்குது?" என்று அவர் கேட்க, அம்மா ஒரு விநாடி தடுமாறி, பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்துவிட்டாள். மூன்று பேர் லைனில், நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள், நெற்றியில் இரண்டு பக்கமும் சுருக்கம் விழுகிறதா? இடது பக்கம் விழவில்லை. நெற்றியும் சேர்ந்து செயலற்றுப் போனால் முகத்து நரம்பில் கோளாறு, மூளையில் அடைப்பு என்றால் பொதுவாக நெற்றி தப்பித்துவிடும், அதனால் அந்தக் கேள்வி. தன் தொப்புளைத் தானே பார்க்கச் சொல்லுங்கள், கழுத்து மடங்குகிறதா? மடங்கியது. வாந்தி? இல்லை. வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறதா? இல்லை. தலைவலி என்று சொன்னாளா? இதற்கு அம்மா சொன்ன பதிலை நானோ மனைவியோ சொல்லியிருக்கவே முடியாது: "தலைவலின்னு வாய் திறந்து சொல்லலை. ஆனா ரெண்டு நாளா தலை வாரவே விட மாட்டேங்கிறா, சீப்பைக் கண்டாலே ஓடுறா." நர்ஸ் அதைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். இன்றைக்கே வாருங்கள் என்றார்.

தொற்றுநோய் கிளினிக்கில் மருத்துவர் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, தலையை. பின்கழுத்தில், முடி ஆரம்பிக்கும் இடத்தில் நெறி கட்டியிருந்தது, சீப்பு பட்டால் வலி. தலைவலி இல்லை, அப்பாடா. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தை மடக்கினார், ஒரு ஈசிஜியும் எடுத்தார்கள், ஐந்து நிமிட வேலை. லைம் சில சமயம் இதயத்துக்குள் போகிற மின்சாரத்தைத் தடுக்கும், மயக்கம், தலைசுற்றல் என்றால் விளையாட்டில்லை. எல்லாம் சரியாக இருந்தது, அதனால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியதில்லை என்றார். தலைவலி, வாந்தி, கழுத்துப் பிடிப்பு எது வந்தாலும் நேராக எமர்ஜென்சி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குச் சொட்டு, ராத்திரி இமையை மூடி டேப். குழந்தைகளில் லைம் வந்தால் இந்த முகவாதம் கேள்விப்படாத விஷயமில்லை, பெரும்பாலும் முழுசாகத் திரும்பிவிடும் என்றார். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

மருந்தை டாக்ஸிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார்கள், 21 நாள். சென்னையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சினிச்சி அலறினாள், எட்டு வயசுக்குள் கொடுத்தால் பல் மஞ்சளாகிவிடும் என்று. அது பழைய டெட்ராசைக்ளின் காலத்துப் பயம். இங்கே குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-லிருந்தே எந்த வயதிலும் 21 நாள் வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதே வாரம் ஊரிலிருந்து வேறொரு குழப்பம். சித்தப்பா ஒரு செய்தியை அனுப்பியிருந்தார், "உண்ணிக் காய்ச்சல், உடம்பில் கருப்புத் தழும்பு இருக்கிறதா பார்." நம் ஊர்ப் பத்திரிகையில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைஃபஸ், கிருமியும் வேறு, கடிக்கிற பூச்சியும் வேறு. வேடிக்கை என்னவென்றால் அதற்கும் முக்கிய மருந்து இதே டாக்ஸிசைக்ளின்தான்.

மருந்து கொடுக்கும் முறையில்தான் லைன் சறுக்கியது. பால் பொருளோடு கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். சரி, பால் கொடுக்கவில்லை. இரண்டு வேளையும் தயிர் சாதத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் அந்தக் கசப்புக்கு அவள் வேறு எதிலும் வாயைத் திறக்க மாட்டாள், எங்கள் புத்திக்கும் தயிர் சாதம் என்பது "பால் பொருள்" என்று உறைக்கவில்லை, அது சாப்பாடு. மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், குஜராத்திப் பெண், சிரித்துக்கொண்டே கேட்டார், "தயிர் சாதமா?" தயிரில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாதாம். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், வெறும் வயிற்றிலும் வேண்டாம், குமட்டும் என்றார். ஆப்பிள்சாஸுக்கு (ஆப்பிள் கூழ்) மாறினோம். நம் ஆட்களிடம் "பால் பொருள்" என்று சொன்னால் போதாது, தயிர், மோர், பாயசம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்து ஜூலை நாலாம் தேதி, பூங்காவில் இரண்டு மணி நேரம். சாயங்காலம் மூக்கும் புறங்கையும் கன்றிச் சிவந்து எரிகிறது என்று அழுகை. மறுபடி லைம் தடிப்பா என்று பதறினால், சட்டைக்கை முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது. போனில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே அதுதான், துணி மூடிய இடத்தில் இருக்கிறதா? இல்லை. வெயிலும் டாக்ஸிசைக்ளினும் சேர்ந்தால் வருவது. முழுக்கைச் சட்டை, தொப்பி, முடிந்தது விஷயம்.

செப்டம்பரில் கால் வலி. இதற்குத்தான் நாங்கள் மிகவும் பயந்தோம், மாதங்கள் கழித்து லைம் முழங்காலுக்கு வரும் என்று படித்திருந்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது என்று அழுவாள், தேய்த்துவிட்டால் தூங்குவாள், காலையில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுவாள். நோட்டைப் பார்த்து அப்படியே வாசித்தேன். நர்ஸ் சொன்னார், லைம் மூட்டு பெரும்பாலும் ஒரு பக்க முழங்கால், பலாக்கொட்டை அளவு இல்லை (இந்த உவமை என்னுடையது), கண்ணுக்குத் தெரிகிற அளவு பந்தாக வீங்கும், வீக்கத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், பிள்ளை ஆனால் நொண்டிக்கொண்டாவது நடக்கும். காலையே ஊன்ற மாட்டேன் என்று காய்ச்சலோடு கிடந்தால் அது மூட்டில் சீழ் பிடித்ததாக இருக்கலாம், உடனே எமர்ஜென்சி. உங்கள் மகளுடையது இரண்டு காலிலும், இரவில் மட்டும், வீக்கமில்லாமல். வளரும் வயதில் வருகிற வலி. இருந்தாலும் கிளினிக்கில் முழங்காலை ஒருமுறை தடவிப் பார்த்து அனுப்பினார்கள்.

இதற்கு நடுவில் உடன் வேலை செய்கிறவர் ஒருவர் "லைம் ஸ்பெஷலிஸ்ட்" ஒருவரின் எண் கொடுத்தார். கூப்பிட்டேன். இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, முதல் சந்திப்பு 900 டாலர், சிறுநீரில் தனிப் பரிசோதனை, அதன்பிறகு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக். குழந்தையை என்ன செய்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, கார்டு எண் கேட்டார்கள். எங்கள் மருத்துவரிடம் சொன்னேன். மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் இல்லை, பக்கவிளைவுதான் மிச்சம் என்றார். பிள்ளை சோர்வாக இருக்கிறாள் என்று சொன்னதற்கு, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று திருப்பிக் கேட்டார். பாட்டியோடு சீரியல் பார்த்துவிட்டுப் பத்தரை. அதற்குமேல் நான் பேசவில்லை.

அக்டோபரில் இன்னொரு உண்ணி, காது மடலுக்குப் பின்னால், இம்முறை கண்ணில் பட்டது, எள்ளளவு. அம்மா மண்ணெண்ணெய் தேடினாள், மாட்டுக்கு அப்படித்தான் செய்வார்களாம். கூடாது, நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், அப்படியே செய்து டப்பாவில் போட்டுக் கூப்பிட்டேன். வயிறு தட்டையா, ஊதியிருக்கிறதா? தட்டை. நேற்றுக் குளிக்கும்போது பார்த்தீர்களா? பார்த்தோம், இல்லை. அப்படியென்றால் 36 மணி நேரம் ஒட்டியிருக்க வாய்ப்பில்லை, மருந்து வேண்டாம், ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனியுங்கள். ஏழு நிமிடத்தில் முடிந்தது. முதல் போனையும் இதையும் ஒப்பிட்டால் நானும் கொஞ்சம் தேறியிருக்கிறேன், கேட்பதற்கு முன்பே பாதிப் பதில் என்னிடம் இருந்தது.

சரி, அந்த ஒரு மதிப்பெண். காத்திருப்பு பகலில் மோசம், ஒருமுறை 38 நிமிடம். போர்ட்டலில் போட்டோவுக்கு பதில் வர இரண்டு நாள் ஆகும், அவசரமென்றால் போட்டோவைப் போட்டுவிட்டுப் போனும் செய்யுங்கள். ஒரு நர்ஸ் மட்டும் திரையில் இருப்பதை அப்படியே வாசித்தார், "கூடுதல் கவலை இருந்தால் மருத்துவரை அணுகவும்" என்று, அணுகத்தானே அம்மா கூப்பிட்டேன். தொற்றுநோய் கிளினிக்கில் தொடர் சந்திப்புக்கு மூன்று வாரம். அப்புறம் பில். நர்ஸ் லைன் இலவசம், கிளினிக் காப்பே (இன்சூரன்ஸ் போக நம் கையிலிருந்து கட்டுவது) 40 டாலர், அது வரை நியாயம். ஆனால் தவறாகச் சேர்த்த தெலுங்கு மொழிபெயர்ப்பாளரின் நாலு நிமிடத்துக்கும் ஒரு வரி போட்டு 31 டாலர் அனுப்பியிருக்கிறார்கள், இலவசமாகத் தர வேண்டிய சேவைக்கு. பில்லிங் ஆபீசுக்கு இரண்டு முறை எழுதியாயிற்று, பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் இங்கே 4-ஐ நாலரையாக மாற்றிவிடுகிறேன்.